ஊருக்கு ஒரு நூல்

ஓர் ஊரே ஒரே நூலைப் படித்தால் என்ன பயன்? அமெரிக்காவின் சியாட்டல் பொது நூலகம் 1998-இல் இம்முயற்சியைத் தொடங்கியது. தேசியக் கலை நிதியம் 'பிக் ரீட்' என்ற பெயரில் 2007-இல் அதை நாடெங்கும் கொண்டு சென்றது.

அத்திட்டத்தில் பல ஊர்கள் தேர்ந்தெடுத்த போர்க்கதை நூல், 1990-இல் வெளிவந்த 'தி திங்ஸ் தே கேரிட்'. எழுதியவர் வியட்னாமில் போரிட்ட டிம் ஓ'பிரையன். படைவீரர்கள் சுமந்த ஆயுதங்களின் எடையோடு, அவர்கள் சுமந்த அச்சத்தையும் குற்றவுணர்வையும் அது எடுத்துரைக்கிறது.

நூலகங்களிலும் பள்ளிகளிலும் கலந்துரையாடல்கள் நடைபெற்றன. போரிலிருந்து திரும்பியவரிடம் நடந்ததைக் கேட்க அண்டை வீட்டாருக்குத் தயக்கம். சொல்ல அவருக்கும் தயக்கம். கதைமாந்தரைப் பற்றிப் பேசும்போது அத்தயக்கம் தளர்கிறது. தம் கதையைச் சொல்லாமலேயே அவர் மனம் திறக்கலாம்; பாடநூலில் இல்லாததை இளையோர் அறியலாம்.

அனைவரும் ஒரே கருத்துக்கு வருவது இதன் நோக்கமன்று. பேச்சைத் தொடங்கி வைப்பதே நோக்கம்.