“டமார்” சத்தம் யாருக்கும் கேட்கவில்லை! பிரபஞ்சத்துக்கு வந்த ரேடியோ பெயர்

ஜமுனாமரத்தூர்:-

துப்பாக்கி வெடித்தால் நமக்கு “டுமீல்”. வெள்ளைக்காரனுக்கு “பேங்”. ஸ்பெயின்காரனுக்கு “பும்”. துப்பாக்கி ஒன்றுதான், காதுதான் வேறு!

இந்த “பேங்”, சத்தத்தைக் கேட்டு வைத்த கொச்சை வார்த்தை. சுத்தியலால் அடிப்பதைக் குறிக்கும் ஸ்காண்டிநேவியச் சொல் ஒன்றில் இருந்து வந்ததாக அகராதிக்காரர்கள் சொல்கிறார்கள். அதுதான் பிரபஞ்சம் பிறந்த கதைக்கே பெயராகிவிட்டது: “பிக் பேங்”. தமிழில் பெருவெடிப்பு.

ஜமுனாமரத்தூர்-ஆலங்காயம் மலைப்பாதையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 1968-ல் இங்கு முதல் டெலஸ்கோப் வந்தது. 93 அங்குலக் கண்ணாடி கொண்ட பெரிய டெலஸ்கோப்பை 1986-ல் பிரதமர் ராஜீவ்காந்தி அர்ப்பணித்தார். 1988-ல் இங்கே கண்டுபிடித்த குட்டிக் கோளுக்குக் கணித மேதை ராமானுஜன் பெயர்.

அந்த டெலஸ்கோப்பை அண்ணாந்து பார்த்தால் யாருக்கும் ஒரு சந்தேகம் வரும். “ஆதியிலே டமார்னு சத்தம் கேட்டிருக்குமா?”

எதிராளி வைத்த பெயர்

பெயர் வைத்தவரே அந்தக் கொள்கையை ஏற்காதவர்! இங்கிலாந்து விஞ்ஞானி பிரெட் ஹாயில், 1949 மார்ச்சில் பி.பி.சி. ரேடியோவில் பேசும்போது “பிக் பேங்” என்றார். கிண்டல் செய்தார் என்றார்கள். “இல்லை, கேட்பவர்களுக்குப் புரியத்தான் சொன்னேன்” என்பது அவர் பதில். பிரபஞ்சத்துக்குத் தொடக்கமே இல்லை என்பது அவர் கட்சி. அவருடைய மாணவர்தான் நம் நாட்டு விஞ்ஞானி ஜெயந்த் நர்லிகர்.

13 ஆயிரம் பெயர்கள்

“பெயர் சரியில்லை, மாற்றுங்கள்” என்று 1993-ல் ஓர் அமெரிக்க வானியல் பத்திரிகை போட்டி வைத்தது. 13 ஆயிரத்துக்கு மேல் பெயர்கள் குவிந்தன. ஒன்றுகூடத் தேறவில்லை!

பெயரில் என்ன கோளாறு? குண்டு வெடித்தால் ஓர் இடத்தில் வெடித்து வெளியே சிதறும். இது அப்படி அல்ல. சுமார் 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, மிகவும் சூடாக, நெருக்கமாக இருந்த எல்லாமே விரியத் தொடங்கின. பலூனை ஊதினால் அதன்மேல் உள்ள புள்ளிகள் விலகுமே, அதுபோல. “இங்கேதான் வெடித்தது” என்று காட்ட ஓர் இடம் கிடையாது. கேட்கக் காதும் கிடையாது.

ஆனால் மிச்சம் இருந்தது. அமெரிக்காவில் பென்சியாஸ், வில்சன் என்ற இருவரின் ரேடியோ ஆன்டெனாவில் ஓயாத இரைச்சல். புறா எச்சமோ என்று கழுவிப் பார்த்தார்கள். போகவில்லை! எல்லாத் திசையில் இருந்தும் வந்த அது, ஆதிச் சூட்டின் மிச்சம் என்று 1965-ல் தெரிந்தது. 1978-ல் இருவருக்கும் நோபல் பரிசு.

ஆக, “டமார்” என்று பெயர் வைத்தார்கள். மனிதன் காதில் விழுந்ததோ, வெறும் “உஸ்ஸ்”!