நாய் இழுக்கிறதா, நாம் இழுக்கிறோமா?

நான் வளர்ந்த ராஜபாளையம் வீட்டில் நாய்க்கு இருந்தது சங்கிலிதான். ஒரு முனை கொல்லைப்புற வேப்ப மரத்தில், மறுமுனை அதன் கழுத்தில். ராத்திரி அப்பா அவிழ்த்து விடுவார், பால்காரர் வருமுன் திரும்பக் கட்டிவிடுவார். அந்தச் சங்கிலியைக் கையில் பிடித்துக்கொண்டு யாரும் நாயோடு நடந்ததில்லை. எங்கள் ஊர்ப் பெயர் கொண்ட நாய் இனத்துக்கு இந்திய அஞ்சல் துறை 2005இல் தபால்தலையே வெளியிட்டது. ஆனாலும் நாயை ‘வாக்கிங்’ கூட்டிப் போவதெல்லாம் பணக்காரப் பவிசு என்றுதான் எங்கள் தெருவில் பேச்சு.

ஆக்லாந்தில் பிறந்த என் மகள் மூன்று வருடம் நச்சரித்து ஒரு லாப்ரடார் கலப்புக் குட்டியைக் கொண்டுவர வைத்தாள். பெயர் முறுக்கு. கவுன்சில் பதிவு, மைக்ரோசிப் எல்லாம் முறையாக முடிந்தது. வாசலைத் தாண்டியதும்தான் வினை. அது முன்னால் இழுக்கும், நான் பின்னால் இழுப்பேன். மவுண்ட் ராஸ்கில் தெருக்களில் யார் யாரைக் கூட்டிப் போகிறோம் என்றே தெரியாமல் ஒரு வருடம் ஓடியது.

ஒரு சனிக்கிழமை காலை. எதிரே குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளியபடி ஒரு பெண், பக்கத்தில் அவருடைய சின்ன நாய். பார்த்த பயத்தில் லீஷைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கினேன். அதுவரை வாலாட்டிக்கொண்டிருந்த முறுக்கு பின்னங்காலில் எழுந்து குரைத்துப் பாய்ந்தது. நான் முழங்காலில் விழுந்தேன். யாருக்கும் காயமில்லை. ஆனால் அந்தப் பெண் குழந்தையை அள்ளி அணைத்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. சென்னை நுங்கம்பாக்கம் பகுதிப் பூங்காவில் 2024 மே மாதம் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் குதறிய செய்தி ஞாபகம் வந்தது. “சமாளிக்க முடியலன்னா திருப்பிக் குடுத்துடலாங்க” என்றாள் மனைவி. மகள் அன்று சாப்பிடவில்லை.

கடைசி முயற்சியாக ஒரு பயிற்சியாளரிடம் போனோம். அவர் நாயைத் தொடவே இல்லை. லீஷின் கொக்கி முனையை என் கையில் கொடுத்து, கைப்பிடியைத் தான் வைத்துக்கொண்டு, கண்ணை மூடச் சொன்னார். திடீரென்று இழுத்தார். என் உடம்பு தானாகப் பின்னால் சாய்ந்தது. “உன் நாயும் இதைத்தான் செய்கிறது” என்றார். அடுத்து, விரலால் மெல்லத் தொட்டதுபோல் ஒரு அசைவு. கண் மூடியிருந்தும் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று புரிந்தது.

எதிரே நாய் வரும்போதெல்லாம் நான் இறுக்கினேன். முறுக்குவின் கழுத்து நெரிந்தது. நாலைந்து தடவை இப்படி நடந்தால் நாய் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடுகிறது: இன்னொரு நாய் வந்தால் வலி வரும், அதனால் முந்திக் குரைத்து விரட்டிவிடு. மணிச் சத்தத்துக்கு எச்சில் ஊறிய பாவ்லோவின் நாய்களின் கதைதான் இதுவும். 1980இல் பார்பரா உட்ஹவுஸ் பிபிசி தொலைக்காட்சியில் சுருக்குச் சங்கிலியை வெடுக்கென்று இழுத்துப் பயிற்சி கொடுத்தபோது உலகமே ரசித்தது. இன்று நியூசிலாந்து எஸ்.பி.சி.ஏ. போன்ற அமைப்புகள் பரிசு கொடுத்துப் பழக்குவதையே வலியுறுத்துகின்றன.

செய்முறை எளிது, பொறுமைதான் கஷ்டம். லீஷ் ஊஞ்சல் கயிறுபோல் தொய்ந்திருக்கும்வரை நட. இறுகினால் அப்படியே நில். இழுக்காதே, திட்டாதே. நாய் திரும்பிப் பார்த்து லீஷ் தளர்ந்த அந்தக் கணத்தில் உன் முழங்கால் பக்கம் ஒரு சீஸ் துண்டு கொடு, மறுபடி நட. முதல் நாள் நான்கு வீட்டைத் தாண்ட இருபது நிமிடம் ஆனது. வீட்டில் ஒருவர் “பாவம், போகட்டும்” என்று இழுத்த பக்கம் போனாலும் போச்சு. இழுத்தால் காரியம் நடக்கும் என்று அது கற்றுக்கொள்ளும். எங்கள் வீட்டில் அந்த ஒருவர் நான்தான். இழுக்க இழுக்க நீளும் லீஷை வாங்கி ஏமாறாதீர்கள். அது எப்போதும் லேசாக இழுத்துக்கொண்டே இருக்கும், நாய்க்குத் தளர்வு என்றால் என்னவென்றே தெரியாமல் போகும்.

இந்த நாட்டில் 1996ஆம் ஆண்டு நாய்க் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, அவிழ்த்துவிட அனுமதி உள்ள இடத்திலும் கையில் லீஷ் இருந்தாக வேண்டும். நம்மவர்களில் நாய் என்றாலே தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போகிறவர்கள் நிறைய. தெருநாய்க்குப் பயந்து வளர்ந்த தலைமுறையைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் எதிரே வந்தால் நான் ஓரமாக ஒதுங்கி லீஷைக் குட்டையாகப் பிடிப்பேன். குட்டையாகப் பிடிப்பது வேறு, இறுக்கிப் பிடிப்பது வேறு. அது எனக்குப் பிடிபடவே ஒரு மாதம் ஆனது.

போன கோடையில் ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார். கார்ன்வால் பார்க்குக்குப் போனோம். அங்கே நாயை லீஷில்தான் கொண்டுபோக வேண்டும், ஆடுகள் மேய்கிற இடம். நான் பாடம் நடத்துவதைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அம்மா சொன்னார்: “உங்க தாத்தா ஏர் ஓட்டுறப்ப கயித்த இழுத்துப் பாத்திருக்கியா? லேசா ஒரு சுண்டு, மாடு தானா திரும்பிரும். இதுக்குப் போயி காசு குடுத்துப் படிச்சிருக்க?”

லீஷை அவரிடம் கொடுத்தேன். ஆடுகளைக் கண்டதும் முறுக்குவின் காது விறைத்தது. அம்மா நின்றார். முறுக்கு ஆட்டைப் பார்த்தது, அம்மாவைப் பார்த்தது. லீஷ் தொய்ந்தது.

“அந்தச் சீஸக் குடுடா” என்று கையை நீட்டினார் அம்மா.