டாக்டர், கொஞ்சம் நிமிருங்கள்

தர்மபுரி மாவட்டத்தில் பல் மருத்துவர்களுக்கு இன்னும் பல ஆண்டுகளுக்கு வேலை குறையாது. இங்கே பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அதைத் தாண்டிய போர்வெல் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பற்களில் வெண்திட்டும் பழுப்புக் கறையும் படிந்தன. இதற்கு மாற்றாகக் காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானின் கடனுதவியோடு 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. ஆனால் ஞானப்பல் நீங்கலாக மற்ற பற்களின் எனாமல் ஏறத்தாழ எட்டு வயதுக்குள் உருவாகிவிடும். அதற்குள் விழுந்த கறை, பிறகு நல்ல தண்ணீர் குடித்தாலும் போகாது. காவிரித் தண்ணீர் வருமுன் வளர்ந்த பிள்ளைகள் இப்போது வேலைக்கும் கல்யாணத்துக்கும் நிற்கும் வயதினர். கறையை அமிலப் பசையால் மெல்லத் தேய்த்து எடுப்பதும், அதன்மேல் கம்போசிட் பூசுவதும் ஒவ்வொரு பல்லாக, நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை. அவ்வளவு நேரமும் டாக்டரின் கழுத்து எப்படி இருக்கிறது என்பதை நாம் கவனிப்பதில்லை.

மனிதத் தலையின் எடை ஏறத்தாழ ஐந்து கிலோ. அறுபது டிகிரி குனிந்தால் கழுத்தெலும்பின் மீது ஏறும் பாரம் சுமார் 27 கிலோவுக்குச் சமம் என்று அமெரிக்க முதுகுத்தண்டு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-இல் கணக்கிட்டார். அது கணினி மாதிரியில் போட்ட கணக்குதான். ஆனாலும் குனியக் குனியப் பாரம் கூடும் என்பதில் சந்தேகமில்லை. பல உலக ஆய்வுகளைத் தொகுத்து 2009-இல் வெளியான கட்டுரை, பல் மருத்துவத் துறையினரில் 64 முதல் 93 சதவீதம் பேருக்குத் தசை, எலும்பு வலி இருப்பதாகக் கூறியது. இத்தனை பேருக்கு வலி என்றால் அதை ஒவ்வொருவரின் கவனக்குறைவு என்று ஒதுக்க முடியாது. வேலை நடக்கும் விதத்திலேயே கோளாறு இருக்கிறது.

அதைச் சரிசெய்யும் வழிகள் எளியவை. நோயாளியை நன்றாகச் சாய்த்துப் படுக்கவைத்து, அவர் வாய் டாக்டரின் முழங்கை உயரத்துக்கு வரும்படி நாற்காலியை ஏற்றி இறக்க வேண்டும். ஸ்டூலின் உயரம், பாதம் இரண்டும் தரையில் பதியும்படி இருக்க வேண்டும். மேல் கடைவாய்ப் பல்லைப் பார்க்கத் தலையை வளைத்து எட்டிப் பார்ப்பதற்குப் பதில், கையிலிருக்கும் சின்னக் கண்ணாடியில் பார்க்கலாம். நோயாளி முகத்தை லேசாகத் திருப்பினாலே பாதிக் குனிதல் மிச்சம். எச்சிலை உறிஞ்ச உதவியாளர் இருந்தால் டாக்டர் உடம்பைத் திருக வேண்டியதில்லை. சரியாக உட்கார்ந்தாலும் அசையாமல் ஒரே நிலையில் இருந்தால் தசைக்கு ரத்த ஓட்டம் குறையும். அதனால் ஒரு நோயாளி எழுந்து அடுத்தவர் உட்காரும் இடைவெளியில் தோளைச் சுழற்றி, கழுத்தை நிமிர்த்திக்கொள்வது அவசியம்.

"வெளியே இத்தனை பேர் காத்திருக்கும்போது இதற்கெல்லாம் ஏது நேரம்?" என்று கேட்கலாம். நாற்காலியைச் சரிசெய்யச் சில நொடிகள் போதும். வலியோடு வேலை செய்யும் கை தடுமாறினால் இழப்பு நோயாளிக்கும்தான். "நவீன நாற்காலிக்குப் பணம்?" என்பதும் நியாயமான கேள்வி. ஆனால் கண்ணாடிக்கும் முகத்தைத் திருப்பச் சொல்வதற்கும் செலவில்லை. பள்ளி முகாமில்கூட, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்த குழந்தையின் முன் குனிவதை விட, பெஞ்சில் படுக்கவைத்துத் தலைமாட்டில் உட்கார்ந்து பார்க்கலாம். "யோகா செய்தால் போதாதா?" என்பவர்களுக்கு ஒரு பதில்: உடற்பயிற்சி உடம்பைத் தாங்கவைக்கும், நாள் முழுதும் ஏறும் பாரத்தை அது குறைக்காது.

ஆகவே அரசு மருத்துவமனைக்குப் பல் நாற்காலி வாங்குகிறவர்கள், உயரம் மாற்றக்கூடிய ஸ்டூலையும் ஓர் உதவியாளர் பணியிடத்தையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். பல் மருத்துவ மாணவர்களுக்கு முதல் பல்லைத் தொடும் முன்பே உட்காரும் முறையைப் பழக்க வேண்டும். நாமும், டாக்டர் முகத்தைத் திருப்பச் சொன்னால் தயங்காமல் திருப்புவோம். அது அவர் கழுத்துக்கும் நம் பல்லுக்கும் நல்லது.