நாலு அங்குல மேடு

எங்கள் தெரு ஏறக்குறைய 400 மீட்டர் நீளம். இரண்டு பெரிய சாலைகளை இணைக்கிறது. அதனால் சிக்னலில் நிற்கப் பொறுமை இல்லாதவர்கள் இதற்குள் நுழைந்து, விர்ரென்று அந்தப் பக்கம் போய்விடுவார்கள். ஒருநாள் மாலை டியூஷன் முடிந்து வந்த பையன் மேல் பைக் மோதி, அவன் கால் முறிந்தது. மறுநாள் இரவே தெரு இளைஞர்கள் கைக்காசைப் போட்டு சிமென்ட்டும் ஜல்லியும் வாங்கிவந்து, விடிவதற்குள் குறுக்கே ஒரு வேகத்தடை கட்டிவிட்டார்கள். யாரும் அவர்களைக் குறை சொல்ல முடியாது. குழந்தை அடிபட்ட தெருவில் கை கட்டிக்கொண்டு நிற்க யாரால் முடியும்?

அடுத்த வாரம் மகன் ஓட்டிய ஸ்கூட்டரின் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து வந்த பாட்டியை அந்த மேடு தூக்கிப் போட்டது. கீழே விழுந்தவருக்கு இடுப்பில் அடி. மகன் மெதுவாகத்தான் வந்தார். ஆனால் வேகமாக வருகிற பைக்குகள் வேகமாகவே போய்க்கொண்டிருந்தன. 'தடக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

அன்று மாலை டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். அகலம் ஒன்றரை அடி. உயரம் ஐந்து அங்குலம். இருபுறமும் செங்குத்தாக எழும் விளிம்பு. வெள்ளைக் கோடு கிடையாது. நான் அளந்தது கிட்டத்தட்ட ஒரு சுவரை.

வேகத்தடை தேவையா என்று கேட்டால், குடியிருப்புத் தெருவுக்குக் கட்டாயம் தேவை என்பேன். ஆனால் ஒரு வேகத்தடை யாரைத் தண்டிக்கிறது என்பதை அதன் வடிவம்தான் தீர்மானிக்கிறது. நல்ல வேகத்தடை மெதுவாக வருபவரை அலுங்காமல் அனுப்பிவிட்டு, வேகமாக வருபவரை மட்டும் உலுக்கும். எங்கள் தெருவில் இருந்தது இதற்கு நேர் எதிராக வேலை செய்தது.

முப்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவே

மணிக்கு 30 கிலோமீட்டர், 50 கிலோமீட்டர் என்று சொல்லும்போது வித்தியாசம் சின்னதாகத் தோன்றும். தெருவில் வைத்துக் கணக்குப் போட்டால் அது எவ்வளவு பெரியது என்று புரியும்.

பந்தைத் துரத்திக்கொண்டு ஒரு குழந்தை குறுக்கே ஓடிவருகிறது. ஓட்டுநர் அதைப் பார்த்து, மனசு உணர்ந்து, கால் பிரேக்கை அழுத்த ஒன்றரை நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். முப்பதில் வரும் கார் அந்த ஒன்றரை நொடியில் பன்னிரண்டரை மீட்டர் போயிருக்கும். காய்ந்த சாலையில் நல்ல பிரேக் இருந்தால் இன்னும் ஐந்து மீட்டரில் நின்றுவிடும். மொத்தம் பதினேழு, பதினெட்டு மீட்டர். ஐம்பதில் வரும் காரோ அந்த ஒன்றரை நொடியிலேயே இருபத்தொரு மீட்டரைக் கடந்துவிடும். அதாவது, முதல் கார் முழுதாக நின்றுவிட்ட இடத்தை இரண்டாவது கார் பிரேக்கைத் தொடாமலேயே, முழு வேகத்தில் தாண்டும்.

மோதலின் ஆற்றலும் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. முப்பது ஐம்பதானால் ஆற்றல் கிட்டத்தட்ட மூன்று மடங்காகும். நடந்து போகிறவர்களும் வண்டிகளும் கலந்து புழங்கும் இடங்களில் 30 கிலோமீட்டரே உச்ச வேகமாக இருக்க வேண்டும் என்று 2020-இல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலகச் சாலைப் பாதுகாப்பு மாநாட்டின் பிரகடனம் வலியுறுத்தியதற்கும் இந்தக் கணக்குதான் அடிப்படை.

பலகை வைத்தால் போதாதா? அதைப் படிப்பவர் ஏற்கெனவே நிதானமாக வருபவர். காவலர் ஒருவரை நிறுத்தலாம். ஆனால் தெருவுக்கு ஒரு காவலர் கிடைப்பாரா? இரவு பகல் பாராமல் ஒரே இடத்தில் கிடந்து அந்த வேலையைச் செய்வதால்தான் பிரிட்டனில் வேகத்தடைக்கு 'தூங்கும் போலீஸ்காரர்' என்று பெயர் வந்தது.

குட்டை மேடு ஏன் தோற்கிறது?

ஒரு காரையோ பைக்கையோ இரண்டு அடுக்காகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கீழே சக்கரம், மேலே ஆள் உட்காரும் உடல்பகுதி, இரண்டுக்கும் நடுவில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும். சக்கரம் லேசானது, சட்டென்று துள்ளும். உடல்பகுதி கனமானது, நிதானமாகத்தான் அசையும். ஒரு காரின் உடல்பகுதி ஒருமுறை ஏறி இறங்க ஏறக்குறைய முக்கால் நொடியிலிருந்து ஒரு நொடி வரை எடுத்துக்கொள்ளும்.

எங்கள் தெருவின் ஒன்றரை அடி மேட்டுக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார் வருகிறது. சக்கரம் அந்த மேட்டைக் கடக்க ஆகும் நேரம் ஒரு நொடியில் 25-இல் ஒரு பங்கு. சக்கரம் துள்ளும், டயர் நசுங்கும், ஸ்பிரிங் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். உடல்பகுதி எழலாமா என்று யோசிப்பதற்குள் மேடு பின்னால் போயிருக்கும். வண்டிக்கு அடி விழுகிறது; ஓட்டுபவருக்கு அதிகம் தெரிவதில்லை. மெதுவாக வரும் வண்டிக்கோ அந்த வசதி இல்லை. மேடு தரும் உயரம் முழுவதையும் ஏறி, முழுவதையும் இறங்கியாக வேண்டும். ஸ்கூட்டரின் பின்சீட்டில் இருப்பவர் பின்சக்கரத்துக்கு மேலேயே உட்கார்ந்திருப்பதால், அது எம்பும்போது அவரும் சேர்ந்து எம்புகிறார். வயதானவர்களும் கர்ப்பிணிகளும் முதுகுவலிக்காரர்களும் இந்த மேடுகளைத் திட்டுவதில் முழு நியாயம் இருக்கிறது.

ஒரு நோபல் விஞ்ஞானியும் ஒரு ஆய்வுக்கூடமும்

வண்டியைத் தடுக்க ரோட்டை உயர்த்துவது கிட்டத்தட்ட மோட்டார் வாகனம் அளவுக்கே பழைய யோசனை. அமெரிக்காவில் நியூ ஜெர்சியைச் சேர்ந்த சாத்தம் என்ற ஊரில், 1906-இலேயே நடைபாதைக் கடப்புகளை ஐந்து அங்குலம் உயர்த்தினார்கள்.

1953-இல் இந்தக் கதைக்குள் ஒரு பெரிய விஞ்ஞானி வருகிறார். எக்ஸ் கதிர்கள் எலெக்ட்ரானில் மோதிச் சிதறும்போது அவற்றின் அலைநீளம் மாறுவதைக் கண்டுபிடித்து 1927-இல் நோபல் பரிசு பெற்ற ஆர்தர் காம்ப்டன்தான் அவர். செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்குத் தலைவராக இருந்த காம்ப்டன், வளாகத்துக்குள் கார்கள் பறப்பதைப் பார்த்து, அவற்றை மெதுவாக்க மேடுகளை வடிவமைத்தார்.

இன்று உலகம் முழுக்கப் புழங்கும் வடிவத்தைத் தந்தது இங்கிலாந்தின் போக்குவரத்து மற்றும் சாலை ஆய்வுக்கூடம். அங்கே வாட்ஸ் என்ற ஆய்வாளர் பலவித நீள உயரங்களில் மேடுகளை அமைத்து, அவற்றின் மேல் வண்டிகளை ஓட்டிச் சோதித்து, 1973-இல் முடிவை வெளியிட்டார். 12 அடி நீளம், நாலு அங்குல உயரம், வட்டத்தின் ஒரு துண்டுபோல மெல்ல எழுந்து மெல்ல இறங்கும் வளைவு. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 1988-இல் வெளியிட்ட ஐ.ஆர்.சி. 99 என்ற வழிகாட்டியும் இதே அளவைச் சொன்னது: சாலையின் போக்கில் 3.7 மீட்டர், உயரம் 10 சென்டிமீட்டர், வளைவின் ஆரம் 17 மீட்டர். இதை நிம்மதியாகக் கடக்கும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர். 2018-இல் இந்த வழிகாட்டி விரிவாகத் திருத்தப்பட்டது.

வளைவின் கணக்கு

3.7 மீட்டர் என்பது சாதாரண காரின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள தூரத்தைவிட அதிகம். அதனால் கார் முழுவதுமாக மேட்டின் மேல் ஏறுகிறது. 25 கிலோமீட்டர் வேகத்தில் அதைக் கடக்க அரை நொடிக்கு மேல் ஆகும். இந்த அவகாசத்தில் ஸ்பிரிங் எதையும் விழுங்கி மறைக்க முடியாது. ஆள் உட்கார்ந்திருக்கும் உடல்பகுதியும் வளைவோடு ஏறி இறங்கியே தீரும்.

பள்ளிக்கூட இயற்பியலிலேயே இதைப் பார்த்துவிடலாம். வளைவின் உச்சியைத் தாண்டும்போது நம் எடை குறைவதுபோல் இருக்கும், ராட்டினத்தில் மேலே போய் இறங்கும்போது வயிற்றில் ஒரு கூச்சம் வருமே, அதுபோல. எவ்வளவு குறையும் என்பது வேகத்தின் இருமடியை ஆரத்தால் வகுத்தால் கிடைக்கும். ஸ்பிரிங்கை ஒதுக்கிவிட்டு, 17 மீட்டர் ஆரத்துக்குக் கணக்குப் போட்டால் 25 கிலோமீட்டர் வேகத்தில் எடையில் பத்தில் மூன்று பங்கு குறைகிறது. ஒரு மெல்லிய அசைவு, அவ்வளவுதான். 40-இல் பத்தில் ஏழு பங்குக்கு மேல் போய்விடுகிறது. உட்கார்ந்திருப்பவர் சீட்டில் தங்குவதே கஷ்டம். 46, 47-ஐத் தொட்டால் எடை முழுவதும் போய், சக்கரம் தரையை விட்டு எழவே பார்க்கும்.

வேகம் கூடக்கூட வலி பல மடங்கு கூடுகிறது, வேகம் குறைந்தால் வலி காணாமல் போகிறது. குட்டை மேட்டில் இல்லாத நியாயம் இந்த நீள வளைவில் இருக்கிறது.

போடும் விதம்

தெரு எந்த உள்ளாட்சியின் பொறுப்பில் இருக்கிறதோ, அங்கே எழுதிக் கொடுத்துத்தான் வேகத்தடை போட வேண்டும். போக்குவரத்துக் காவல் துறையின் கருத்தையும் பெற வேண்டும். பிறகு இடம் பார்ப்பது. வளைவில் கூடாது, தூரத்திலிருந்தே தெரிய வேண்டும். தெருவிளக்கின் வெளிச்சம் அதன் மேல் விழ வேண்டும். யார் வீட்டு கேட்டுக்கும் நேராக வரக் கூடாது. சாக்கடை மூடியை மூடிவிடக் கூடாது.

இடம் முடிவானதும் சாலையைத் துடைத்துச் சுத்தம் செய்து, கலவை ஒட்டிக்கொள்ள மெல்லிய தார்ப்பூச்சு கொடுக்கிறார்கள். இருபக்க ஓரத்திலும் பழைய தாரைக் கொஞ்சம் வெட்டி எடுத்துக்கொண்டால், புதிய கலவையின் நுனி பெயராமல் உள்ளே பிடித்துக்கொள்ளும். சூடான தார்க்கலவையைக் கொட்டிப் பரப்பி, ரோலர் ஓட்டி அழுத்துகிறார்கள். இந்த வேலையின் உயிர் கண்ணளவில் இல்லை, ஒரு மரப்பலகையில் இருக்கிறது. 3.7 மீட்டர் வளைவை அப்படியே அறுத்து எடுத்த அச்சுப்பலகை அது. அதை மேட்டின் மேல் வைத்துப் பார்த்து, இடைவெளி தெரிகிற இடத்தில் கலவையைச் சேர்க்க வேண்டும், முட்டுகிற இடத்தில் எடுக்க வேண்டும்.

பலகை இல்லாதவர்கள் ஒரு நூலும் ஸ்கேலும் கொண்டே சோதிக்கலாம். மேட்டின் நடு உயரம் 10 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். நடுவுக்கும் விளிம்புக்கும் சரிபாதியில் ஏழரை சென்டிமீட்டர் இருக்க வேண்டும். விளிம்பில் விரலை வைத்தால் படி எதுவும் தட்டக் கூடாது. இந்த மூன்றும் சரியென்றால் மேடு சரி.

மழைநீர் போக வழி விடுவது முக்கியம். இல்லாவிட்டால் முதல் மழையிலேயே மேட்டின் ஒருபக்கம் குளமாகி, தார் ஊறிப் பெயரும். கடைசியாகக் கறுப்பு வெள்ளைப் பட்டைகளும், இரவில் ஒளிரும் பெயின்ட்டும், 40 மீட்டர் முன்னால் எச்சரிக்கைப் பலகையும். இது அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத வேகத்தடை, தடையாக இல்லாமல் பொறியாகிவிடுகிறது.

ஒரு மேடு போதுமா என்றால், போதாது. மேட்டைத் தாண்டியதும் கை தானாக ஆக்சிலரேட்டரை முறுக்கும். அதனால்தான் 100 முதல் 120 மீட்டருக்கு ஒன்று என்று அந்த 1988 வழிகாட்டி சொன்னது. அடுத்த மேடு கண்ணில் படும்போது வேகத்தைக் கூட்டிப் பயனில்லை என்று ஓட்டுநருக்கே தெரிந்துவிடும்.

எங்கே வேண்டாம்?

எல்லா நோய்க்கும் இதுவே மருந்தாகாது. வேகமாகப் போவதற்கென்றே போட்ட நெடுஞ்சாலையில் வேகத்தடை ஆபத்து. ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் அடிக்கடி போகும் முக்கியச் சாலையில் ஒவ்வொரு மேடும் சில நொடிகளைத் தின்னும். முதுகெலும்பு முறிந்த நோயாளியை ஏற்றிவரும் வண்டிக்கு ஒவ்வொரு குலுக்கலும் வேதனை. வெளிநாடுகளில் இதற்காகச் சாலையின் முழு அகலத்துக்கும் போடாமல், இடைவெளி விட்ட சதுர மேடுகளைப் போடுகிறார்கள். சக்கரங்கள் அகல விலகியிருக்கும் ஆம்புலன்ஸ் அதன் இருபுறமும் சக்கரங்களை விட்டுக் கடந்துவிடும். நம் தெருக்களில் அந்த இடைவெளியில் பைக்குகளும் புகுந்துவிடும் என்பதால் அதை யோசித்தே போட வேண்டும்.

பள்ளிக்கூட வாசலுக்கு வளைவு மேட்டைவிடத் தட்டையான மேடை பொருத்தம். இருபுறமும் சரிவு, நடுவில் சமதளம், மேல்மட்டம் நடைபாதை உயரத்துக்கு. குழந்தைகளும் சக்கர நாற்காலிக்காரர்களும் இறங்கி ஏறாமல் நேராகக் கடக்கலாம். அங்கே வண்டி ஏறி வருவது மனிதர் நடக்கிற மட்டத்துக்கு. வழி விட வேண்டியது யார் என்பதைத் தரையே சொல்லிவிடுகிறது.

எங்கள் தெருவிலும் கடைசியில் விண்ணப்பம் எழுதினோம். பாட்டியின் மகன்தான் முதல் கையெழுத்து. சிமென்ட் மேட்டை உடைத்தெடுத்துவிட்டு மூன்று வளைவு மேடுகள் போட்டார்கள். வேலை முடிந்த மாலை, ஸ்கேலை வைத்துச் சரிபாதியில் அளந்தேன். ஏழரை இருந்தது. முன்பெல்லாம் இரவில் படுத்திருக்கும்போது 'தடக்' சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். இப்போது தூரத்தில் ஒரு வண்டி கியரைக் குறைக்கும் சத்தம் கேட்கிறது. கொஞ்ச நேரம் கழித்து, அது அமைதியாக நம் வீட்டைக் கடந்து போகிறது.