இருபத்தொன்பது பேர் பார்த்த ஆட்டம்

1999ஆம் ஆண்டுக் கோடையில் ஸ்கொட்லாந்து லீக் கிண்ணச் சுற்றுப்போட்டியில் கிளைட்பாங்க் கழகமும் ஈஸ்ட் ஸ்டேர்லிங்ஷயர் கழகமும் மோதின. அந்த ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் 29 பேர். களத்தில் ஆடிய இருபத்திருவரோடு மாற்று வீரர்களையும், மத்தியத்தரையும், கோட்டோரம் கொடி பிடித்து நின்றோரையும் கூட்டினால், பார்க்க வந்தோரை விட ஆட வந்தோரே அதிகம். இலட்சக்கணக்கானோர் உதைபந்தாட்டத்தை உயிராய் நினைக்கும் நாட்டில் இப்படி ஓர் எண்ணிக்கை பதிவாகியதைப் பத்திரிகைகள் வேடிக்கைச் செய்தியாகவே வெளியிட்டன.

அதைக் கொண்டு கிளைட்பாங்க் கழகத்துக்கு ஆதரவாளரே இல்லையெனக் கருதிவிடலாகாது. உண்மை நேர்மாறானது. கழகத்தை நடத்தியோர் மீது வெறுப்புற்று, மைதானத்துக்குப் போவதில்லை என்று ஆதரவாளர்கள் உறுதி பூண்டிருந்த காலம் அது. பத்து இருபது ஆண்டுகளாக மழையிலும் பனியிலும் தவறாது சென்றவர்கள், தம் பற்றைக் காட்ட வேறு வழியின்றி வீட்டில் இருந்துகொண்டார்கள். சிறு கழகமொன்றின் நெடுநாள் ஆதரவாளராய் இருப்பது என்றால் என்ன என்பதை அறிய விரும்புவோர் இந்தக் கழகத்தின் வரலாற்றை அறிவது நன்று.

கிளைட்பாங்க், கிளாஸ்கோ மாநகரை ஒட்டி, கிளைட் ஆற்றின் வடகரையில் உள்ள தொழிலாளர் நகரம். பெயர் அறியாத எம் வாசகர் வீட்டிலும் இந்நகரின் பொருள் ஒன்று இருந்திருக்கக் கூடும். எம் தாய்மார் கையால் சுழற்றித் தைத்த பழைய சிங்கர் தையல் மெசின்கள் பல, இங்கிருந்த பெருந்தொழிற்சாலையிற் செய்யப்பட்டவையே. அத்தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டது. அருகிலுள்ள புகையிரத நிலையம் மட்டும் இன்றும் சிங்கர் என்ற பெயரையே தாங்கி நிற்கின்றது. 'குயின் மேரி', 'குயின் எலிசபெத்' ஆகிய பெருங்கப்பல்கள் கட்டப்பட்டதும் இங்கேதான். 1941ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் 14ஆம் திகதி இரவுகளில் செர்மானிய விமானங்கள் இந்நகரின் மீது குண்டு பொழிந்தன. 528 பேர் மாண்டனர். ஏறத்தாழ 12,000 வீடுகளில் சேதமின்றித் தப்பியவை பத்துக்கும் குறைவு. முப்பத்தையாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர். விமானக் குண்டுவீச்சு என்றால் என்னவென்று எம் வாசகர்க்கு விளக்க வேண்டியதில்லை.

இத்தகைய நகருக்கு லீக்கில் ஆடும் கழகமொன்று வந்த கதை பெருமைக்குரியதன்று. 1964இல், ஃபோல்கேர்க் நகரிலிருந்த ஈஸ்ட் ஸ்டேர்லிங்ஷயர் கழகத்தைத் தம் கையில் வைத்திருந்த ஸ்டீட்மன் சகோதரர்கள், அதனைக் கிளைட்பாங்கின் உள்ளூர்க் கழகத்துடன் இணைத்து, கிளைட்பாங்கின் கில்போவி மைதானத்துக்குக் கொண்டுவந்துவிட்டனர். ஃபோல்கேர்க் மக்கள் சும்மா இருக்கவில்லை. பங்குதாரர்கள் நீதிமன்றம் சென்றார்கள்; வென்றார்கள். ஓராண்டின் பின் கழகம் தன் ஊருக்கே திரும்பிற்று. வெறுங்கையாய் நின்ற கிளைட்பாங்கில் 1965இல் புதிய கழகம் தொடங்கப்பட்டு, அடுத்த ஆண்டு லீக்கிற் சேர்க்கப்பட்டது. மேலே கூறிய 29 பேர் ஆட்டத்தில் எதிரணியாய் வந்தது அதே ஈஸ்ட் ஸ்டேர்லிங்ஷயர் தான் என்பதையும் வாசகர் மனங்கொள்ள வேண்டும்.

இனி ஆதரவாளரைப் பற்றிச் சொல்லுவோம். கிளாஸ்கோப் பகுதியில் ஒருவரை முதன்முதல் சந்திக்கும்போது, அவர் செல்டிக்கா ரேஞ்சர்ஸா என்பதே கேட்கப்படும் கேள்வி. அது வெறும் விளையாட்டுக் கேள்வியன்று. கத்தோலிக்கரா புரட்டஸ்தாந்தரா என்னும் பழைய பிரிவினையும் அதற்குள் ஒளிந்திருக்கும். சனிக்கிழமைகளில் கிளைட்பாங்கிலிருந்தே பேருந்துகள் அவ்விரு பெருங்கழகங்களின் மைதானங்களுக்கும் ஆட்களை ஏற்றிச் செல்லும். எஞ்சியோர் சிலரே சொந்த ஊர் அணியைப் பார்க்க நடந்து போயினர். 'இரண்டுமில்லை, நான் கிளைட்பாங்க்' என்று மறுமொழி சொல்பவரை நோக்கி, 'சரி, உண்மையில் எந்தப் பக்கம்?' என்று மீண்டும் கேட்பது வழக்கம். அந்தக் கேள்வியை ஆயுள் முழுவதும் சிரித்துச் சமாளிப்பவரே சிறு கழகத்தின் ஆதரவாளர்.

அவருக்குக் கிண்ணங்கள் கிடைப்பதில்லை. கிடைப்பவை வேறு. வீரர்களை அவருக்கு நேரிற் தெரியும். வீரர்களுக்கும் அவரைத் தெரியும். பக்கத்தில் நிற்பவர் முப்பது ஆண்டுகளாக அதே இடத்தில் நிற்பவர். இடைவேளையில் சூடான இறைச்சிப் பையும் மாட்டிறைச்சிச் சாறும் கையிற் பிடித்துக்கொண்டு, முற்பாதியில் நடந்த அநியாயங்களைப் பற்றி வாதிடுவது ஆட்டத்திற் பாதி இன்பம். தந்தை மகனைக் கூட்டி வருவார். பிறகொரு காலம் மகன் தந்தையைக் கைபிடித்துக் கூட்டி வருவான்.

நல்ல காலமும் இருந்தது. 1976இல் இரண்டாம் பிரிவின் முதலிடம், 1977இல் முதற் பிரிவின் இரண்டாமிடம் என இரண்டே ஆண்டுகளில் இரு படிகள் ஏறிக் கிளைட்பாங்க் உச்சப் பிரிவை எட்டியது. 1976இல் லீக் கிண்ணக் காலிறுதியில் இக்கழகத்தை வெல்ல ரேஞ்சர்சுக்கு நான்கு ஆட்டங்கள் தேவைப்பட்டன. அக்காலத்தின் ஒளிவிளக்கு டேவி கூப்பர் என்னும் இளைஞர். இடக்காலால் பந்தை நூல்கட்டி ஆட்டுவது போல் ஆட்டியவர். 1977இல் ஒரு இலட்சம் பவுணுக்கு அவரை ரேஞ்சர்ஸ் வாங்கிக்கொண்டது. சிறந்தவனை வளர்த்துப் பெரியவனுக்கு விற்றே சிறு கழகம் உயிர் வாழ்கின்றது. அவன் வேறு சட்டையில் ஆடுவதைத் தொலைக்காட்சியிற் பார்த்து, 'எங்கள் பிள்ளை' என்று சொல்லிக்கொள்வதே ஆதரவாளருக்கு எஞ்சுவது. கூப்பர் தன் ஆட்ட வாழ்வின் இறுதியில், 1993இல், கிளைட்பாங்குக்கே திரும்பி வந்தார். 1995 மார்ச்சில், இளைஞருக்கான பயிற்சிப் படமொன்று எடுக்கப்படுகையில் மயங்கி விழுந்து, மறுநாள் 39ஆவது வயதிற் காலமானார்.

உச்சப் பிரிவுக்கு ஏறிய 1977இல், கில்போவி மைதானத்தின் படிகளிலெல்லாம் மரவாங்குகள் பொருத்தப்பட்டன. பிரித்தானியாவில் முதன்முதல் முற்றிலும் இருக்கைகள் கொண்டதாய் அமைந்த மைதானங்களுள் ஒன்று என்ற பெயர் அதற்குக் கிடைத்தது. பார்வையாளர் வசதியை மட்டும் கருதிச் செய்த வேலையன்று அது: பத்தாயிரத்துக்கு மேல் இடமுள்ள மைதானங்களுக்கே செலவு மிக்க புதிய பாதுகாப்புச் சட்டம் பொருந்தும் என்பதால், வாங்கு போட்டு இடத்தை 9,950 ஆக்கிவிட்டார்கள்! 1990இல் ஸ்கொட்டிஷ் கிண்ண அரையிறுதி வரை சென்று செல்டிக்கிடம் தோற்றதும், பின்னர் அவ்வூரிற் பிறந்து உலகப்புகழ் பெற்ற 'வெற் வெற் வெற்' பாடகர் குழுவினர் கழகத்தின் சட்டையில் தம் பெயர் பொறித்து ஆதரவளித்ததும் இன்றும் அங்கு பேசப்படும் செய்திகள்.

1996இல் கில்போவி மைதானம் விற்கப்பட்டது. புதியது கட்டப்படும் என்றார்கள், கட்டப்படவேயில்லை. கழகம் முதலில் டம்பார்ட்டன் கழகத்தின் பொக்ஹெட் மைதானத்தில் வாடகைக்கு இருந்தது. பின்னர் ஆற்றின் மறுகரையிலுள்ள கிரீனொக் நகரின் கப்பிலோ மைதானத்துக்குப் போயிற்று. சொந்த ஊரில் 'உள்ளூர் ஆட்டம்' ஒன்றைக்கூடப் பார்க்க முடியாத நிலை. இடையே 1998இல் கழகத்தை அயர்லாந்தின் டப்ளின் நகருக்கே பெயர்த்துவிடும் திட்டமொன்றும் எழுந்து, நிறைவேறாமற் போனது. கடல் கடந்து கழகம் போவதென்றால், ஊரிலே நிற்கும் ஆதரவாளர் எதற்கு ஆதரவாளர்? 1999-2000 பருவத்தில் ஆடிய 36 லீக் ஆட்டங்களில் வென்றது ஒன்றே ஒன்று, சமநிலை ஏழு, தோல்வி இருபத்தெட்டு.

ஊர்ப்பெயர் தாங்கிய விளையாட்டுக் கழகங்களை இலண்டனிலும் பாரிசிலும் ரொறன்ரோவிலும் நடத்திவரும் எம்மவர்க்கு இது விளங்காத செய்தியன்று. பெயர் ஒரு நாட்டிலும் மைதானம் இன்னொரு நாட்டிலுமாய் ஆடப் பழகியவர்கள் நாம். ஆயினும் ஒப்புமையை அளவுக்கு மீறி நீட்டலாகாது. இந்தக் கழகத்தோடு கிளைட்பாங்க் மக்கள் எவரும் வீட்டையோ நிலத்தையோ இழக்கவில்லை. உயிருக்கு அஞ்சி ஓடவில்லை. அவர்கள் இழந்தது சனிக்கிழமைப் பிற்பகலை. அது சிறிய இழப்பென்று நாம் சொல்லோம். பெரிய இழப்பின் பெயரை அதற்குச் சூட்டவும் மாட்டோம்.

2002இல் இறுதி அடி விழுந்தது. 1878இல் தோன்றிய எயார்ட்ரியோனியன்ஸ் கழகம் கடனில் மூழ்கிக் கலைக்கப்பட்டது. லீக்கில் வெறுமையான அவ்விடம் வாக்கெடுப்பில் கிரெட்னா என்னும் சிற்றூர்க் கழகத்துக்குப் போயிற்று. (அந்தக் கிரெட்னாவும் செல்வர் ஒருவரின் பணத்தால் மளமளவென உயர்ந்து, 2006இல் ஸ்கொட்டிஷ் கிண்ண இறுதியாட்டம் வரை வந்து, பணம் நின்றதும் 2008இல் மறைந்தது.) இடம் கிடைக்காத எயார்ட்ரித் தரப்பினர், அப்போது கடனாளியாய் நிருவாகியொருவரின் பொறுப்பிலிருந்த கிளைட்பாங்க் கழகத்தை விலைக்கு வாங்கினர். பெயரை எயார்ட்ரி யுனைட்டட் என மாற்றி, நிறத்தை மாற்றி, எயார்ட்ரிக்குக் கொண்டுசென்றனர். லீக் அதனை ஏற்றுக்கொண்டது. 1964இல் ஃபோல்கேர்க் நகருக்கு நேர்ந்தது, முப்பத்தெட்டு ஆண்டுகளின் பின் கிளைட்பாங்குக்கே நேர்ந்தது. ஆனால் இம்முறை கழகத்தை நீதிமன்றம் திருப்பிக் கொடுக்கவில்லை.

இங்கே எயார்ட்ரி மக்களைப் பழிப்பது எளிது. நாம் அதைச் செய்யப் போவதில்லை. அவர்களும் நூற்றாண்டுக்கு மேற்பட்ட தம் கழகத்தைக் கண்முன்னே இழந்தவர்கள். மூழ்குபவன் கைக்கெட்டியதைப் பிடிக்கத்தான் செய்வான். எமக்கு வியப்பளிப்பது சட்டத்தின் போக்கு. கழகம் என்பது லீக்கில் ஓர் இடம், ஒரு பங்குப்பத்திரம், சில கடன்கள் என்றே அது கணக்கிட்டது. முப்பது ஆண்டுகள் வாசலில் நின்று சீட்டு வாங்கியவருக்கு அந்தக் கணக்கில் ஒரு வரியும் இல்லை. ஃபோல்கேர்க் மக்கள் வென்றது பங்கு வைத்திருந்ததால்; பற்று வைத்திருந்ததால் அன்று.

கிளைட்பாங்கின் ஆதரவாளர்கள் இதனைப் புரிந்துகொண்டார்கள் போலும். அவர்களது அமைப்பின் பெயர் ஆங்கிலச் சுருக்கத்தில் யூ.சீ.எஸ். அந்த மூன்றெழுத்தும் அவ்வூரில் வேறொன்றையும் நினைவூட்டும். 1971இல் அரசு கைவிட்ட அப்பர் கிளைட் கப்பல் தளங்களின் சுருக்கமும் அதுவே. அன்று தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்யவில்லை. ஜிம்மி ரீட் முதலியோர் தலைமையில் தளங்களைத் தாமே பொறுப்பேற்று வேலையைத் தொடர்ந்து செய்து, அடுத்த ஆண்டு அரசை இணங்க வைத்தனர். கழக ஆதரவாளரும் அவ்வழியே சென்றனர். 2003இல் கிளைட்பாங்க் என்ற பெயரிலேயே, ஆதரவாளர்க்கே உடைமையான கழகமொன்றை ஆரம்பித்து, லீக்கிலன்றி, அதற்குப் புறம்பான 'ஜூனியர்' உதைபந்தாட்டத்திற் சேர்ந்தனர். ஜூனியர் என்றால் சிறுவர் ஆட்டமன்று. ஸ்கொட்லாந்தில் லீக்கிற்கு வெளியே ஆடும் வளர்ந்தோர் கழகங்களை அவ்வாறு அழைப்பது மரபு.

கூடாரம் முதலில் அயலிலுள்ள டன்டொக்கரின் கிளென்ஹெட் மைதானம். 2008 முதல் யோக்கர் அத்லெற்றிக் கழகத்தின் ஹோம் பார்க். இரண்டுமே இரவல். 2009இல் ஜூனியர் கிண்ண இறுதியாட்டத்துக்கு வந்து, ஓக்கின்லெக் டால்பட் கழகத்திடம் 2-1 எனத் தோற்றனர். 29 பேர் பார்த்த கழகத்தின் பெயரைத் தாங்கிய அணி, பத்தாண்டின் பின் கில்மார்னொக் நகரின் பெரிய மைதானத்தில் இறுதியாட்டம் ஆடியது. தோல்வியைப் பற்றி அவர்கள் அதிகம் முறையிட்டதாய்த் தெரியவில்லை. சீட்டு விற்பதும், கோடு போடுவதும், சட்டை கழுவுவதும், கணக்கு எழுதுவதும் அவர்களே. முன்பு முதலாளியைத் திட்டியவர்கள் இப்போது தம்மைத் தாமே திட்டிக்கொள்ள வேண்டியவர்களாயினர். இது நல்ல முன்னேற்றம்.

எயார்ட்ரி யுனைட்டட் 2013இல் எயார்ட்ரியோனியன்ஸ் என்ற பழைய பெயரையே சூடிக்கொண்டது. ஈஸ்ட் ஸ்டேர்லிங்ஷயர் 2016இல் தன் லீக் இடத்தை இழந்து கீழிறங்கியது. கிளைட்பாங்க், மேற்கு ஸ்கொட்லாந்து லீக்கின் உச்சப் பிரிவை 2025இல் வென்று, ஐந்தாம் படியான லோலண்ட் லீக்கிற்கு உயர்ந்தது. 2002இற் பறிபோன இடத்துக்கு இன்னும் ஏற வேண்டிய படிகள் உள்ளன. கில்போவி மைதானம் இருந்த இடத்தில் இன்று கடைத்தொகுதி நிற்கின்றது.

கிளாஸ்கோவில் குடியமர்த்தப்பட்டு, வழக்கு முடிவுக்காக நாட்களை எண்ணிக்கொண்டிருக்கும் எம்மவர் சிலருக்கு இக்கட்டுரை கிட்டக்கூடும். நகர மத்தியிலிருந்து யோக்கர் புகையிரத நிலையம் தொலைவிலில்லை. ஆட்டம் பெரும்பாலும் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கும். சிவப்பும் வெள்ளையும் அணிந்தோர் நிற்கும் பக்கமாய்ப் போய் நில்லுங்கள். எந்த ஊர் என்று கேட்பார்கள், சொல்லுங்கள்.