நடங்க... நில்லுங்க... ஒரு 'க்ளிக்'!

"தினமும் அரைமணி நேரம் நடங்க!"

டாக்டர் இப்படிச் சொல்லாத வீடு உண்டா? ஷுகரா, பி.பி.யா, கொலஸ்ட்ராலா... எதற்குச் சீட்டு எழுதினாலும் கடைசியில் இந்த ஒரு வரி நிச்சயம். முதல் வாரம் ஏக உற்சாகமாகக் கிளம்புவோம். இரண்டாம் வாரம் "மழை வர்ற மாதிரி இருக்கே" என்று ஒரு சாக்கு. மூன்றாம் வாரம் வாக்கிங் என்ற பேச்சே இருக்காது!

உடனே 'நான் ஒரு சோம்பேறி' என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள். பல பேருக்கு உண்மையான காரணம் சோம்பல் இல்லை, அலுப்பு. அதே தெரு, அதே முனை, அதே சுற்று... என்னத்தைப் பார்ப்பது? அந்த அலுப்புக்கு மருந்து உங்கள் பையிலேயே இருக்கிறது. ஆமாம், செல்போனில் இருக்கும் கேமராதான்!

ரிட்டயராகி வீட்டில் இருப்பவர்களுக்கும், பிள்ளைகள் வெளியூர் போனபின் தனியாக இருக்கும் அம்மாக்களுக்கும் இது இன்னும் முக்கியம். இவர்கள் வாக்கிங்கை நிறுத்தினால், அன்றைக்கு வெளியே போக இருந்த ஒரே காரணமும் போய்விடுகிறது. அப்புறம் டி.வி., சாப்பாடு, தூக்கம்... அவ்வளவுதான்.

திருவல்லிக்கேணியிலிருந்து கடற்கரைக்கு

படம் எடுக்க ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகவேண்டாம். உதாரணத்துக்குச் சென்னை திருவல்லிக்கேணியையே எடுத்துக்கொள்ளுங்கள்.

விடிகாலையில் பார்த்தசாரதி கோயில் மாடவீதிப் பக்கம் போனால், தண்ணீர் தெளித்த வாசலில் ஈரம் காயாத கோலம். பூக்கூடையைப் பிரித்து வைக்கும் அம்மா, சைக்கிளில் பால் பாக்கெட் போடுபவர், மேன்ஷன் மாடிக் கம்பியில் வரிசையாகக் காயும் சட்டைகள்... எல்லாமே படம்தான்! நடுத்தெருவில் மாடு நின்றால் மட்டும் தள்ளி நின்று எடுங்கள். கன்றோடு இருக்கும் பசுவின் பக்கத்தில் போகவே வேண்டாம்.

அப்படியே கிழக்கே நடந்தால் காமராஜர் சாலை. சிக்னலில் கடந்தால் மெரினா. 1884-ல் கவர்னர் கிராண்ட் டஃப் இங்கே நடைபாதை போட்டு, அதற்கு 'மெரினா' என்று பெயரும் வைத்தார். நடப்பதற்கென்றே உண்டான இடம்!

இங்கே உழைப்பாளர் சிலையை எத்தனை தடவை பார்த்திருப்பீர்கள்? பாறையைப் புரட்டும் நான்கு பேர். 1959-ல் வைக்கப்பட்டது; செய்தவர் சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரி. கடந்து போகிறவர்களுக்கு அது ஒரு பஸ் ஸ்டாப் பெயர். படம் எடுக்க நின்று பார்த்தால்தான் அந்த முதுகுத் தசை முறுக்கும், மண்ணில் ஊன்றிய காலும் தெரியும்.

இன்னும் தெற்கே வந்தால், முன்பக்கம் வளைந்து நிற்கும் ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டிகளைச் சேமிக்க 1842-ல் கட்டியது. 1897-ல் விவேகானந்தர் தங்கியதால் இன்று விவேகானந்தர் இல்லம். புல்வெளியில் ஆசனம் போடும் பெரியவர்கள், மணலில் கவிழ்த்து வைத்த படகு, வலையைப் பிரிக்கும் கைகள், சாயங்காலமானால் சுண்டல், மாங்காய் பத்தை... ஒரு வருஷத்துக்குத் தாங்கும்!

சும்மா அமுக்கினால் பலன் இல்லை

"அட, நான்தான் தினம் ஐம்பது படம் எடுக்கிறேனே" என்கிறீர்களா? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

அமெரிக்காவின் ஃபேர்ஃபீல்டு பல்கலைக்கழகத்தில் லிண்டா ஹெங்கல் என்ற உளவியல் பேராசிரியை ஓர் ஆய்வு செய்து 2014-ல் வெளியிட்டார். மாணவர்களை ஒரு மியூசியத்துக்கு அழைத்துப்போய், சில பொருட்களைப் பார்க்க மட்டும் சொன்னார். சிலவற்றைப் படம் எடுக்கச் சொன்னார். மறுநாள் கேட்டால், படம் எடுத்தவைதான் குறைவாக ஞாபகம் இருந்தன! 'கேமரா பார்த்துக்கொள்ளும்' என்று மனசு ஓய்ந்துவிடுகிறது போலும். ஆனால், பொருளின் ஒரு பகுதியை மட்டும் பெரிதாக்கிப் படம் எடுத்தபோது ஞாபகம் குறையவில்லை.

இன்னொன்று. சான்பிரான்சிஸ்கோவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தார் 2020-ல் வெளியிட்டது. வயதானவர்கள் வாரம் ஒரு முறை 15 நிமிஷம் வீதம் 8 வாரம் நடந்தார்கள். ஒரு பிரிவினரை மட்டும், சுற்றிலும் உள்ளதைக் குழந்தை மாதிரி வியந்து பார்க்கும்படி கேட்டுக்கொண்டார்கள். நடக்கும்போது தங்களையே செல்ஃபியும் எடுக்கவேண்டும். வாரம் ஆக ஆக என்ன ஆயிற்று தெரியுமா? வியந்து நடந்தவர்களின் படங்களில் அவர்கள் உருவம் சிறிதாகிக்கொண்டே போனது, பின்னால் இருந்த மரமும் வானமும் பெரிதாகின. முகத்தில் சிரிப்பும் அதிகமானது! அன்றாட மனக்கஷ்டமும் அவர்களுக்குக் குறைந்திருந்தது.

ஆகவே, மருந்து கேமராவில் இல்லை. பார்ப்பதில் இருக்கிறது. கேமரா உங்களை நிறுத்திப் பார்க்க வைக்கிற ஒரு சாக்கு, அவ்வளவுதான்.

எப்படிச் செய்யலாம்?

* முதலில் நடை, பிறகு படம். நின்று நின்று போனால் இதயத்துக்கு வேண்டிய பயிற்சி கிடைக்காது. போகும்போது இருபது நிமிஷம் நிற்காமல் வீசி நடங்கள். பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம். திரும்பும்போது நிதானமாகப் படம் எடுங்கள். பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிஷமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

* ஒரு நாளைக்கு மூன்றே படம். கணக்கு வைத்துக்கொண்டால் தேர்ந்தெடுக்கத் தோன்றும். பத்து மூச்சு விடும் நேரம் வெறும் கண்ணால் பாருங்கள், பிறகு போனை எடுங்கள். ஏதாவது ஒன்றின் கிட்டே போங்கள். முழுக் கோலம் வேண்டாம், ஒரு புள்ளியும் அதைச் சுற்றும் கோடும் போதும்.

* வெளிச்சம் பாருங்கள். மெரினாவில் காலையில் சூரியன் கடல் பக்கம். கடலைப் பார்த்து எடுத்தால் ஆட்கள் கருப்பு நிழலாக விழுவார்கள். அதுவும் ஓர் அழகுதான். முகம் தெளிவாகத் தெரியவேண்டுமானால் கடலுக்கு முதுகைக் காட்டுங்கள். சாலைக்கு அந்தப் பக்கம் பல்கலைக்கழகக் கட்டடங்கள் பொன்னாக மின்னும். சாயங்காலம் இது தலைகீழ். உப்புக்காற்று லென்ஸில் படியும், மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள்.

* மனிதர்களைக் கேட்டு எடுங்கள். "ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்றால் பெரும்பாலும் சிரிப்பார்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். குழந்தைகள் என்றால் பெற்றோரைக் கேட்காமல் கூடவே கூடாது. நாலு நாள் ஆனால் பூக்கார அம்மாவே "எங்க ரெண்டு நாளா காணோம்?" என்று விசாரிப்பார். அந்த ஒரு கேள்விக்காகவே எழுந்து போகலாம்!

ஜாக்கிரதை!

திரையைப் பார்த்துக்கொண்டே நடக்காதீர்கள். நின்று, எடுத்து, போனைப் பையில் போட்டுவிட்டுப் பிறகு நடங்கள்.

ஷுகர் உள்ளவர்கள் மணலிலும் வெறுங்காலோடு போகவேண்டாம். உணர்ச்சி குறைந்த பாதத்தில் கிளிஞ்சல் கீறினாலும் தெரியாது. இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் கையில் இரண்டு சர்க்கரை மிட்டாய் வைத்திருங்கள்.

மூட்டுவலிக்காரர்கள் கோலத்தைப் படம் எடுக்கக் குந்தவேண்டாம். கையை மட்டும் இறக்கிப் பிடித்தால் போதும். பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் குனிந்து சட்டென்று நிமிர்ந்தால் தலை சுற்றலாம். மெதுவாக எழுந்திருங்கள். நெஞ்சில் இறுக்கமோ மூச்சுத் திணறலோ வந்தால் நடையை உடனே நிறுத்திவிட்டு மருத்துவ உதவிக்குக் கூப்பிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி

வாரம் முழுக்க எடுத்ததில் ஒரே ஒரு படத்தை ஞாயிற்றுக்கிழமை காபி நேரத்தில் எல்லோருக்கும் காட்டுங்கள். "இது எந்தத் தெரு, சொல்லு பார்ப்போம்" என்று பேரனைக் கேளுங்கள். தினமும் அந்த வழியாகவே ஸ்கூலுக்குப் போகிற பையன் விழிப்பான்! "எங்க தாத்தா இது? நாளைக்கு எனக்குக் காட்டறியா?" என்பான்.

அப்புறம் என்ன... மறுநாள் வாக்கிங்குக்கு உங்களை யாரும் கட்டாயப்படுத்த வேண்டியிருக்காது. கூடவே வர ஆளும் கிடைத்தாயிற்றே!