சிந்திய கதிர்கள்

விவிலியக் கதைகள் என்றதும் செங்கடல் பிளந்ததும், சிங்கக் கெபியில் தானியேல் பிழைத்ததுமே பலர் நினைவுக்கு வரும். அவை விசுவாசத்தை வளர்ப்பன. எனினும், கடல் பிளக்கும் வேளை நம் வாழ்வில் வருவது அரிது. அயலாருக்கு ஒரு பிடி தானியம் கொடுக்கும் வேளையோ நாள்தோறும் வருகின்றது. அதனை எவ்வாறு கொடுத்தல் வேண்டும் என்று கற்பிப்பது ரூத்தின் சரித்திரம். நான்கு அதிகாரங்களும் 85 வசனங்களுமே கொண்ட அச்சிறு நூலில் அற்புதச் செயல் ஒன்றேனும் இல்லை.

பஞ்சத்துக்கு அஞ்சிப் பெத்லகேமை விட்டு மோவாப் நாடு சென்றது ஒரு குடும்பம். அங்கே நகோமி கணவனை இழந்தாள். பின்னர் மைந்தர் இருவரையும் இழந்தாள். வெறுங்கையோடு ஊர் திரும்பிய அவளைப் பிரிய மனமின்றி உடன் வந்தவள் மருமகள் ரூத். பெத்லகேம் என்பதற்கு 'அப்பத்தின் வீடு' என்பது பொருள். அப்பத்தின் வீட்டை அடைந்தும் அவ்விருவருக்கும் அடுத்த வேளை உணவில்லை. வாற்கோதுமை அறுவடை தொடங்கிய காலமாதலின், ரூத் கதிர் பொறுக்கப் புறப்பட்டாள்.

இஸ்ரவேலரின் நியாயப்பிரமாணம் இதற்கு வழி வகுத்திருந்தது. வயலின் ஓரத்தை முற்றாக அறுத்தலாகாது. சிந்திய கதிரைத் திரும்பப் பொறுக்கலாகாது. அவை எளியவனுக்கும் அந்நியனுக்கும் உரியவை என்கின்றது லேவியராகமம். மறந்துவிட்ட அரிக்கட்டும் அந்நியனுக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் உரியது என்கின்றது உபாகமம். ஆகவே, வயலோரக் கதிர் உடையவன் இடும் பிச்சையன்று, இல்லாதவனின் பங்கு. ரூத்தோ எளியவள், விதவை, அந்நிய நாட்டினள். அதிலும் இஸ்ரவேலர் வெறுத்த மோவாபியர் குலத்தினள்.

வயலுக்குரிய போவாஸ் பிரமாணம் விதித்த அளவோடு நின்றிருப்பினும் அவனை நல்லவன் என்றே உலகம் கூறியிருக்கும். அவன் அதற்கு மேலும் சென்றான். வேலையாட்களின் குடத்து நீரை அவள் பருகலாம் என்றான். உணவு வேளையில் தன் ஆட்களோடு அவளை அமர்த்தி, வறுத்த தானியம் கொடுத்தான். பின்பு அவள் எழுந்து சென்றதும் தன் ஆட்களுக்கு ஒரு கட்டளை இட்டான். அரிக்கட்டுகளிலிருந்து சில கதிர்களை வேண்டுமென்றே உருவி விடுங்கள், அவள் பொறுக்கட்டும், அவளை நாணச் செய்யாதீர்கள் என்பதே அக்கட்டளையின் கருத்து.

ஒரு மூட்டை தானியத்தை அவள் தலையில் ஏற்றி அனுப்புவது போவாசுக்கு எளிது. அவ்வாறு செய்திருப்பின் அவள் இரந்து பெற்றவள் ஆகியிருப்பாள். அவனோ அவளுடைய உழைப்பின் மதிப்பைக் காத்து, அதன் பலனை மட்டும் பெருக்கினான். மாலையில் அவள் கதிரைத் தட்டியபோது ஏறத்தாழ ஒரு எப்பா, அஃதாவது 22 லீற்றர் அளவு, வாற்கோதுமை கிடைத்தது. வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்கட்டும் என்று பிற்காலத்தில் இயேசு போதித்தார். போவாசின் ஈகையோ பெறுபவளின் கண்ணுக்கே மறைந்திருந்தது.

இங்கேதான் இக்கதை நம்மை வினவுகின்றது. வறிய மாணவனுக்குப் புத்தகம் வழங்குகின்றோம். ஆனால், சபை நடுவே அவனை எழுப்பி நிறுத்தி வழங்குகின்றோம். உலருணவுப் பொதியைக் கொடுக்குமுன் புகைப்படத்துக்கு முகங்காட்டச் சொல்கின்றோம். பொதி வீட்டுக்குப் போகும். நாணமும் உடன் போகும். பசி ஒரு வேளையில் தீரும். நாணம் நெடுநாள் நிற்கும். மாணவனின் பெயர் வெளிவராமல் அவன் மேசையில் அப்புத்தகம் இருக்கச் செய்ய ஆசிரியர் ஒருவரால் இயலாதா? வேலை தேடி வருபவனுக்குக் காசை நீட்டுவதினும் வேலையைக் கொடுத்து, கூலியைச் சற்று நிறைவாக அளக்க இயலாதா?

வயலில்லாதவருக்கும் வயலோரம் உண்டு. நேரமும் கல்வியும் செல்வாக்கும் நம் வயல்களே. அவற்றைக் கடைசிக் கதிர் வரை நமக்கென்றே அறுத்துக்கொள்பவன் வேதத்தை நாள்தோறும் வாசித்தும் அதன் வழி நடவாதவனாவான்.

பெறுபவருக்கும் இதிலே பாடம் உண்டு. போவாஸ் கொடுத்த உணவில் தான் உண்டு மீந்ததை ரூத் மாமிக்கென எடுத்துச் சென்றாள். பொறுக்கி உண்ணும் நிலையிலும் அவள் கொடுப்பவளாகவே இருந்தாள்.

அவ்வந்நியப் பெண் பின்னர் போவாசுக்கு மனைவியானாள். தாவீது அரசனின் பாட்டனாகிய ஓபேதைப் பெற்றாள். இயேசுவின் வமிச வரலாற்றிலே மத்தேயு அவள் பெயரையும் பொறித்தார். கதிரை உருவிவிட்ட வேலையாட்கள் இவற்றையெல்லாம் அறிந்திலர். ஒரு பெண் நாணமின்றி வீடு திரும்பவேண்டும் என்பது மட்டுமே அன்றைய மாலையில் அவர்களுக்கு இடப்பட்ட பணி. நமக்கு இடப்பட்டதும் அதுவே.